எந்த உறவைத் தொலைபேசி கெடுக்கும்?

தொலைபேசியின் வழியாகவும் காணொளியின் வழியாகவும் செய்யப்படும் வைத்தியம், வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையே நெடுங்காலமாக நிலவிவரும் பவித்திரமான ஒரு பந்தத்தை அறுத்துவிடும் என்றும், நாடியைத் தொட்டுப் பார்க்கும் கையின் ஸ்பரிசமும் முகத்தைக் கண்டு ஆறுதல் கூறும் வாய்மொழியும் இல்லாத சிகிச்சை அந்தப் பெயருக்கே அருகதையற்றது என்றும், ஏழை மக்களை ஒரு கண்ணாடித் திரைக்கு முன்னால் உட்காரவைப்பது அவர்களை மனிதப் பிறவிகளாக மதியாத காரியம் என்றும் ஓர் அபிப்பிராயம் நம்முடைய நாட்டிலே கற்றவர்கள் நடுவில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஓய்வுபெற்ற வைத்தியர்கள் தங்கள் நினைவுரைகளில் இதைச் சொல்கிறார்கள். தொழிலாளர் நலனில் அக்கறையுள்ளவர்கள் மேடைகளில் இதைச் சொல்கிறார்கள். சுகாதாரம் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதையே முடிந்த முடிபாக வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறார்கள். அவர்களுடைய எண்ணம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், இலங்கையின் ஊவா மாகாணத்திலுள்ள அப்புத்தளையின் மலைத்தொடரில் நின்று பார்க்கும்போது அந்த அபிப்பிராயம் அடிமுதல் நுனிவரை பிழையானது என்றே எனக்குத் தோன்றுகிறது. யாருக்காகப் பரிந்து பேசுவதாக அது எண்ணிக்கொள்கிறதோ, அவர்களுக்கே அது தீங்கு செய்கிறது என்றும் தோன்றுகிறது.

கொழும்பிலோ கண்டியிலோ மூன்று தலைமுறையாக ஒரே குடும்ப வைத்தியரிடம் போய்வரும் ஒருவர், அந்த வைத்தியரின் அறையில் நாற்காலியில் அமர்ந்து, தமது தாய்மொழியிலோ தமக்குப் பழக்கமான ஆங்கிலத்திலோ, வேண்டிய நேரமெல்லாம் எடுத்துக்கொண்டு தமது உடம்பின் கதையைச் சொல்லுகிற பாக்கியம் பெற்றவர். அத்தகையவர் தொலைபேசியைக் கண்டு அஞ்சுவது இயல்பே. அவருக்கு இழப்பதற்கு ஒன்று இருக்கிறது. அவருடைய அனுபவத்தையே உலகத்தின் பொது அனுபவமாகக் கொண்டு, தம்பேதென்னை, பிட்டரத்மலை, தொட்டலாகலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கும் அதே இழப்பு நேரும் என்று வாதிப்பதிலிருந்துதான் பிழை தொடங்குகிறது. அறுந்துபோகும் என்று அஞ்சப்படும் அந்தப் பந்தம் அவளுக்கு என்றைக்காவது அளிக்கப்பட்டதா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் மேலே செல்லவேண்டும்.

1890இல் தாமஸ் லிப்டன் தம்பேதென்னையில் தேயிலைத் தொழிற்சாலை எழுப்பினார். 1893இல் புகையிரதம் அப்புத்தளைக்கு வந்து சேர்ந்தது. அன்றுதொட்டு இந்த மலைகளிலிருந்து தேயிலை துறைமுகத்துக்குப் போகும் பாதை செவ்வனே அமைந்திருக்கிறது. நோயாளி வைத்தியரிடம் போகும் பாதையைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. தம்பேதென்னையின் மேல்மலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து அப்புத்தளை நகரத்துக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அங்கே சரிவராத வருத்தமென்றால் தியத்தலாவை ஆதார வைத்தியசாலை. அங்கும் தீராதென்றால் பதுளைப் பெரியாஸ்பத்திரி. விடியற்காலைப் பனிமூட்டத்தில் இறங்கி பஸ்ஸைப் பிடித்து, வரிசையில் நின்று, துண்டு வாங்கி, மருந்து வாங்கித் திரும்பும்போது அந்த நாளின் ‘பேர்’ (நாட்கூலிக்கான வரவுப் பதிவு) போய்விடுகிறது. ஒரு நாளைய சம்பளத்தை இழந்து, அதற்குமேல் பஸ்ஸுக்கும் தேநீருக்கும் செலவழித்து, அவள் எதைப் பெற்று வருகிறாள் என்பதை நேர்முக வைத்தியத்தின் பெருமையைப் பாடுகிறவர்கள் சற்று நின்று பார்க்கவேண்டும்.

அவள் பெற்று வருவது பெரும்பாலும் ஓரிரு நிமிஷ நேரத்துச் சந்திப்பு. வெளிநோயாளர் பிரிவில் நூற்றுக்கணக்கானோர் நின்றுகொண்டிருக்க, மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் வைத்தியர் நல்லவராகவே இருப்பார். இரவெல்லாம் விழித்துக் கடமை புரிந்தவராகவும் இருப்பார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது, அவளுக்குச் சிங்களத்தில் சந்தைக்கு வேண்டிய அளவே தெரியும். மூன்று மாதமாகக் கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் அழுந்தும்போதெல்லாம் பிடரியில் தொடங்கி இடக்கை விரல்வரை மரத்துப் போவதையும், மதியத்துக்குப் பிறகு தலைசுற்றுவதையும், இரண்டாம் பிள்ளை பிறந்ததிலிருந்து மாதவிடாயின்போது உதிரம் அதிகமாகப் போவதையும், இந்த மூன்றும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவையோ என்று தான் பயப்படுவதையும் அவள் சொல்ல விரும்புகிறாள். பக்கத்தில் நிற்கும் சிற்றூழியர் ஒருவரோ, வரிசையில் அடுத்து நிற்கும் அந்நியர் ஒருவரோ, சில சமயம் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கூட வந்த அவளுடைய பத்து வயது மகனோ அதை மொழிபெயர்க்கிறான். வைத்தியரின் காதுக்குப் போய்ச்சேர்வது ‘தலைவலி, உடம்பு பலயீனம்’ என்ற இரண்டு சொற்கள். மகனின் முன்னால் உதிரப்போக்கைப் பற்றி எந்தத் தாயும் வாய்திறக்க மாட்டாள். குளிசை கிடைக்கிறது, கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதப்படுகிறது, அந்த வரி என்ன சொல்கிறதென்று அவளுக்குத் தெரியாது. முகத்தோடு முகம் பார்த்து, தொடுகின்ற தூரத்தில் நடைபெற்ற இந்தச் சந்திப்பைத்தான் நாம் பவித்திரமான பந்தம் என்று பெயரிட்டுக் காப்பாற்றப் புறப்பட்டிருக்கிறோம்.

இந்த நிலைமை நேற்று உண்டானதும் அன்று, தற்செயலாக நேர்ந்ததும் அன்று. 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்திய தேவைகளுக்கென்று முதன்முதலாக ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அது பலமுறை திருத்தப்பட்டு 1912இல் நிலைபெற்றது. அந்தச் சட்டத்தை ஒருவர் நிதானமாகப் படித்துப் பார்ப்பாரானால், தோட்டத்தில் யாருக்கு என்ன நோய் என்பதை அறிந்துகொள்ளும் கடமை தோட்டத்துரைக்கே விதிக்கப்பட்டிருப்பதையும், கடுமையான நோயென்றால் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைப்பிக்க வேண்டியவரும் அவரே என்று வகுக்கப்பட்டிருப்பதையும் காண்பார். அக்காலத்து நிலையில் அது தொழிலாளருக்கு ஒரு பாதுகாப்பு என்பதை நான் மறுக்கவில்லை. சட்டம் இல்லாதிருந்தால் பிணங்கள் பாதையோரத்தில் கிடந்திருக்கும். ஆனால் அதே சட்டம், நோயாளி தன் நோயை வைத்தியருக்குத் தானே சொல்லவேண்டியவன் என்ற எண்ணத்துக்கே இடம் வைக்கவில்லை. நோயாளி கங்காணியிடம் சொல்ல, கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்ல, அவர் துரையிடம் சொல்ல, துரை ஆங்கிலத்தில் வைத்தியருக்கு எழுத, உடம்பு ஒருவருடையதாகவும் அதைப் பற்றிய பேச்சு இன்னொருவருடையதாகவும் ஆகிவிட்ட ஒரு வழக்கம் நூறு வருஷத்துக்கு மேலாக இந்த மலைகளில் வேரோடியது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. பின்னர் தோட்டத்து ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. உடைமை மாறியபோதெல்லாம் வழக்கம் மட்டும் மாறாமல் நின்றது. வேலைக்குப் போகாமல் வீட்டில் படுக்க ஒருவனுக்கு உரிமையுண்டா என்பதைத் தோட்ட டிஸ்பென்சரியில் கிடைக்கும் துண்டு தீர்மானிக்கும்வரை, அந்த டிஸ்பென்சரிக்குள் நுழைபவன் தன்னை நோயாளியாக உணர்வதற்குமுன் சந்தேகிக்கப்படுபவனாகவே உணர்கிறான்.

தோட்டத்து டிஸ்பென்சர்களில் உத்தமர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு லயத்திலும் எந்தக் காம்பராவில் எந்தக் கிழவிக்கு இழுப்பு, எந்தப் பிள்ளைக்கு நெஞ்சுச்சளி என்று மனப்பாடமாக வைத்திருந்து, நள்ளிரவில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு மலையேறியவர்களை முதியவர்கள் இன்றும் பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள். அவர்களுடைய மகிமை எதனால் வந்தது என்று விசாரித்தால், அவர்கள் தமிழில் பேசினார்கள், கேட்பதற்கு நேரம் வைத்திருந்தார்கள், வருஷக்கணக்காக அதே இடத்தில் இருந்தார்கள் என்ற மூன்றையுமே சொல்கிறார்கள். கை தொட்டதை யாரும் முதலாவதாகச் சொல்வதில்லை. எதிர்வாதம் செய்பவர்கள் உறவின் உயிரைத் தொடுகையில் வைத்திருக்கிறார்கள். மக்களோ அதை மொழியிலும் பொறுமையிலும் நீடித்த பழக்கத்திலும் வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றில் எதைத் தொலைபேசி கெடுக்கும் என்று நான் கேட்கிறேன்.

தொட்டுப் பார்த்தால்தான் நோய் தெரியும் என்ற நம்பிக்கையை வைத்திய சாஸ்திரமே முழுவதும் ஆதரிக்கவில்லை. 1975இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் ஹாம்ப்டன் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் புதிதாக வந்த 80 வெளிநோயாளரை ஆராய்ந்தார்கள். நோயாளியின் சரித்திரத்தைக் கேட்டும், அனுப்பிய வைத்தியரின் கடிதத்தை வாசித்தும் முடித்த மாத்திரத்தில் அவர்கள் செய்த நிர்ணயம் 66 பேர் விஷயத்தில் இறுதிவரை சரியாக இருந்தது. உடற்பரிசோதனை நிர்ணயத்தை மாற்றியது 7 பேர் விஷயத்தில், ஆய்வுகூடப் பரிசோதனை மாற்றியது இன்னும் 7 பேர் விஷயத்தில். ஆகவே, வைத்தியத்தின் மிகப் பெரும் பகுதி காதால் செய்யப்படுவது. அந்தக் காது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று 1984இல் அமெரிக்காவில் பெக்மனும் பிராங்கெலும் அளந்து பார்த்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் வைத்தியர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டார்கள். 67 நாடுகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்வீடனில் ஒரு சந்திப்புக்கு 22 நிமிஷத்துக்கு மேல் கிடைக்க, பங்களாதேஷில் 48 விநாடியே கிடைக்கிறது என்று காட்டியது. இவையெல்லாம் நேருக்கு நேர் நடந்த சந்திப்புகள். திரை ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. கையெட்டும் தூரத்தில் வைத்தியர் இருந்தார். பேச்சு மட்டும் நடக்கவில்லை.

கருவி குறுக்கே வந்தால் உறவு கெடும் என்ற ஆட்சேபமும் பழையது. இன்று வைத்தியரின் அன்புக்கும் அண்மைக்கும் அடையாளமாக நாம் கருதுகிற ஸ்டெதஸ்கோப் எவ்வாறு பிறந்தது? 1816இல் பாரிஸ் நகரத்தில் லயனெக் என்ற வைத்தியர், இளம்பெண் ஒருத்தியின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பது தகாது என்று கருதி, காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி அதன் வழியே கேட்டார். இரண்டு உடம்புகளுக்கு இடையில் ஒரு தூரத்தை உண்டாக்குவதற்காகவே அது செய்யப்பட்டது. அந்தத் தூரத்தினால் அவளுடைய மானமும் காக்கப்பட்டது, இதயத்தின் ஓசையும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. தொலைபேசி கண்டுபிடிக்கப்பட்ட மூன்றாம் வருஷமாகிய 1879இலேயே, குழந்தையின் இருமலைத் தொலைபேசியில் கேட்டு, அஞ்சவேண்டியதில்லை என்று தாய்க்கு ஆறுதல் சொன்ன ஒரு வைத்தியரைப் பற்றி லான்செட் பத்திரிகை குறித்திருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஒவ்வொரு லயத்திலும் கைத்தொலைபேசி ஒலிக்கும் காலத்தில், அதே காரியத்தை மலையகத் தாய்க்குச் செய்வது அவமரியாதை என்று சொல்லப்படுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

இனி, என்னுடைய வாதத்தின் நடுவிடத்துக்கு வருகிறேன். தொலைவைக் குறைப்பதுதான் தொலைமருத்துவத்தின் பயன் என்று அதை ஆதரிப்பவர்களும் சொல்கிறார்கள். அதுவும் குறைபட்ட பார்வையே. அப்புத்தளைத் தோட்டப் பெண்ணுக்கும் அவளுடைய வைத்தியருக்கும் நடுவில் உள்ள தூரம் பஸ் பாதையால் அளக்கப்படுவது ஒரு பங்கு. மொழியால் அளக்கப்படுவது மூன்று பங்கு. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. அப்புத்தளை உட்படப் பதுளை மாவட்டத்தின் பல பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டிருக்கின்றன. பெயர்ப்பலகையில் மூன்று மொழி இருக்கிறது; வைத்தியரின் வாயில் தமிழ் இல்லை. இதற்கு எந்தத் தனி வைத்தியரையும் குற்றம் சொல்வது நியாயமன்று. தமிழ் அறிந்த வைத்தியர்களை யாழ்ப்பாணத்து மருத்துவ பீடம் 1978 முதல் உருவாக்கி வருகிறது. மட்டக்களப்பிலும் அவர்கள் பயிற்றுவிக்கப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் போதிய அளவில் ஊவாவுக்கு வந்து சேர்வதில்லை, வந்தவர்களும் இடமாற்றம் பெற்றுப் போய்விடுகிறார்கள், 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நாட்டைவிட்டே போனவர்கள் பலர். ஒரு மனிதரைப் பண்டாரவளைக்கு இடம்பெயர்த்துக் கொண்டுவருவது அரசாங்கத்தால் பல தசாப்தங்களாக முடியாத காரியமாக இருந்துவிட்டது. அவருடைய குரலைக் கொண்டுவருவதற்கு இப்போது ஒரு கம்பிகூட வேண்டியதில்லை.

இந்தத் தீவில் மேனாட்டு வைத்தியம் தமிழ் பேசிய வரலாறு புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர், தம் மாணாக்கருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, அங்கவியல் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். நோயாளியின் மொழியில் சிந்திக்காத வைத்தியன் அவனுடைய ஊருக்குப் பயன்படமாட்டான் என்பது அவருடைய நிலைப்பாடாக இருந்தது. அந்தப் பரம்பரையின் பயன் ஊவாவின் மலைகளுக்கு ஏறி வரவேயில்லை. யாழ்ப்பாணத்தில் அமர்ந்திருக்கும் ஒரு டொக்டர் அம்மாவின் முன்னால், தம்பேதென்னையின் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒரு தொழிலாளிப் பெண் தமிழில் கால்மணி நேரம் பேசுவாளானால், அது எந்த உறவையும் கெடுக்காது. மலையகத்தின் நூற்றைம்பது வருஷ வைத்திய சரித்திரத்தில், இடையாள் ஒருவருமின்றி ஒருத்தி தன் வாயால் தன் நோயைச் சொல்லிய அபூர்வமான தருணங்களில் ஒன்றாக அது இருக்கும்.

தோட்ட மக்களுக்குத் தங்கள் நோயைச் சொல்லத் தெரியாது, ஆகையால் அவர்களைக் கண்ணால் பார்த்தே அறியவேண்டும், தொலைபேசி அவர்களுக்கு உதவாது என்று ஒரு வாதம் மிகுந்த இரக்கத்தோடு சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். இதைப் போல என்னைப் புண்படுத்திய வாதம் வேறில்லை. எந்த மலையில் எந்த நாளில் எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தோம் என்று மாதக்கடைசிவரை நினைவில் வைத்திருந்து, கணக்குச் சீட்டில் ஒரு கிலோ குறைந்தால் எடுத்துச் சொல்லும் பெண்ணுக்கு, தன் உடம்பில் எப்போது எது தொடங்கியது என்று சொல்லத் தெரியாதா? மேலுக்கு முடியவில்லை என்று தொடங்கி, அவளை நிறுத்தாமல் கேட்டால், நெஞ்சு கரிப்பதற்கும் நெஞ்சு அடைப்பதற்கும், மூச்சு வாங்குவதற்கும் மூச்சு முட்டுவதற்கும் உள்ள பேதத்தைப் பிழையின்றிச் சொல்வாள். அவள் ஊமையாகவில்லை, ஊமையாக்கப்படுகிறாள். மேசைக்கு முன்னால் நிற்கும்போது அவளுடைய உடையும், ஈரச்செருப்பும், தேயிலைக் கறை படிந்த விரலும், அவள் எந்த வகுப்பைச் சேர்ந்தவள் என்பதை வாய் திறப்பதற்குமுன் அறிவித்துவிடுகின்றன. பின்னால் நிற்கும் வரிசையின் அவசரம் அவளுடைய முதுகை நெருக்குகிறது. குரல் மட்டும் போகிற வழியில் இந்தச் சுமைகளில் பாதி இறங்கிவிடுகிறது. ஆண் வைத்தியரின் முன்னிலையில் நாணத்தினால் வருஷக்கணக்காக மூடிவைத்த வெள்ளைபடுதலையும் கருப்பை இறக்கத்தையும், முகம் தெரியாத ஒரு பெண் வைத்தியரிடம் தொலைபேசியில் சொல்வது அவளுக்கு எளிதாக இருக்கும் என்பதைப் பெண்களோடு பேசிப் பார்த்த எவரும் அறிவர்.

2020இல் பெருந்தொற்று வந்து நாடு முடங்கியபோது, கிளினிக் நோயாளிகளின் மருந்து தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டது. 2021இல் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் தொற்றாளருக்காக 1390 என்ற இலக்கம் அறிவிக்கப்பட்டது. அவசரத்தில் செய்யப்பட்ட அந்த ஏற்பாடுகளில் குறைகள் இருந்தன. ஆனாலும், நீரிழிவுக்கும் பிரஷருக்கும் மாதந்தோறும் ஒரு நாள் பேரை இழந்து வரிசையில் நிற்பது இயற்கையின் நியதியன்று, அது நாம் வகுத்த ஒரு முறை, வேறு முறையும் வகுக்கலாம் என்பதை அந்த மாதங்கள் பிரத்தியட்சமாகக் காட்டின. தொற்று தணிந்ததும் பழைய வரிசை திரும்பி வந்தது. அதைத் திரும்ப வரவிட்டதற்கு, நேர்முகச் சந்திப்பின் மேன்மையைப் பற்றிய நம்முடைய கேள்வி கேட்கப்படாத நம்பிக்கையும் ஒரு காரணம்.

தொலைபேசி செய்யக்கூடாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. அதை நான் மறைக்கமாட்டேன். கொழுந்து மலையில் குளவி கலைந்து பத்துப் பேரைக் கொட்டிவிட்டால், அங்கே யாருடைய அறிவுரையும் வேண்டியதில்லை, வாகனந்தான் வேண்டும். 2016இல் இந்திய அரசின் நன்கொடையோடு தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய 1990 அம்பியூலன்ஸ் சேவை அதற்காகவே இருக்கிறது. நெஞ்சடைப்பு, கர்ப்பிணியின் உதிரப்போக்கு, கைக்குழந்தையின் மூச்சுத்திணறல், வயிறு கல்லாக இறுகுதல் ஆகியவற்றில் கண்ணும் கையும் கருவியும் அருகில் இருந்தே ஆகவேண்டும். இவற்றைத் தொலைபேசியில் தீர்க்க முயலும் வைத்தியர் குற்றம் செய்பவர். ஆனால் வருகிறவர்களில் மிகப் பலர் நீடித்த நோயுள்ளவர்கள். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கவும், அளவைக் கூட்டவோ குறைக்கவோ, பயத்தைச் சொல்லவோ வருபவர்கள். அவர்களை விட்டு, மேற்சொன்ன ஆபத்துகளை மாத்திரம் காட்டி முழு முறையையும் நிராகரிப்பது தர்க்கமாகாது.

லயத்துக் காம்பராவில் அந்தரங்கம் ஏது என்ற கேள்வி வலிமையானது. பலகையாலும் தகரத்தாலும் பிரிக்கப்பட்ட ஓர் அறையில், கணவனும் மாமியாரும் பிள்ளைகளும் பக்கத்துக் காம்பராவின் காதும் சூழ்ந்திருக்க, எந்தப் பெண்ணும் தன் உடம்பைப் பற்றி மனம் திறக்கமாட்டாள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைப்பதும் மழைக்காலத்தில் நிச்சயமில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத முதியவர்கள் திரையைத் தொட்டு இயக்குவது எளிதன்று. இவற்றுக்கெல்லாம் விடை, கையில் ஒரு செயலியைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதில் இல்லை. தமிழ்நாட்டில் அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் கிராமங்களில் பார்வை மையங்களை அமைத்து, அந்தப் பகுதிகளிலேயே பிறந்து பயிற்சி பெற்ற இளம்பெண்களை அங்கே இருத்தி, அவர்கள் கண்ணைப் பரிசோதித்துக் காட்ட, தலைமை மருத்துவமனையின் வைத்தியர் காணொளியில் நோயாளியோடு பேசும் முறையை வெற்றியோடு நடத்திவருகிறது. அந்த நியாயப்படி, ஒவ்வொரு தோட்டத்து டிஸ்பென்சரியிலும் கதவு மூடக்கூடிய ஓர் அறையும், அழுத்தத்தையும் சீனியையும் அளந்து சொல்ல அந்தத் தோட்டத்திலேயே படித்து வளர்ந்த ஒரு பெண்பிள்ளையும், ஒழுங்கான இணைப்பும் போதும். வேலை தேடிக் கொழும்புக்குப் போய்க் கடைகளில் நிற்கும் நம்முடைய பெண்பிள்ளைகளில் ஒரு சிலருக்காவது மலையிலேயே கௌரவமான உத்தியோகமும் கிடைக்கும்.

எதிர்ப்பவர்களின் உள்ளத்தில் இருக்கும் மெய்யான அச்சத்துக்கு மிகுந்த மதிப்பளிக்கிறேன். தொலைபேசி இருக்கிறதே என்று சாக்குச் சொல்லி, அரசாங்கம் இந்த மலைகளுக்கு வைத்தியர்களை அனுப்புவதை நிறுத்திவிடும் என்பதே அது. நூறு வருஷமாக ஏமாற்றப்பட்டவர்கள் இப்படி அஞ்சுவது நியாயந்தான். ஆனால் இதன் தர்க்கத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள். வைத்தியர் இல்லாத இன்றைய நிலை தொலைபேசியால் உண்டானதா? தொலைபேசி வருவதற்கு முன்னரே அவர் இல்லை. வருங்காலத்தில் வரக்கூடிய ஒரு வைத்தியரின் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதற்காக, இன்று நோயுற்றிருப்பவளின் வாயைக் கட்டிவைப்பது எவ்வகை நியாயம்? தவிரவும், தன் கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருத்தி, வைத்தியர் எப்படிப் பேசவேண்டும் என்று ஒருமுறை அனுபவித்துவிட்ட ஒருத்தி, அடுத்த முறை வெளிநோயாளர் மேசைக்கு முன்னால் மௌனமாக நிற்கமாட்டாள். வைத்தியர் வேண்டும், தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்ற கோரிக்கையை எழுப்பப்போகிறவள் அவளே.

வியாபாரத்தைப் பற்றி ஒரு சொல். செயலியில் பணம் கட்டி வைத்தியரைச் செனல் பண்ணும் முறை நகரத்தாருக்கு வசதியாக இருக்கலாம். நாட்சம்பளக்காரருக்கு அது கதவைச் சாத்துவதே ஆகும். இந்தியாவில் 2019இல் தொடங்கிய இ-சஞ்சீவனி என்ற அரசாங்கத் தொலைமருத்துவச் சேவை முற்றிலும் இலவசமாக நடத்தப்படுகிறது. வீட்டிலிருந்தே வைத்தியரோடு பேசும் அதன் பிரிவு 2020இல் தொடங்கியபோது, அதை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களில் தமிழ்நாட்டு மக்கள் முன்னணியில் நின்றார்கள். இலவச வைத்தியத்தைத் தன் பெருமையாகக் கொண்டுள்ள இலங்கை அதைவிடக் குறைந்த ஒன்றைத் தன் ஏழைகளுக்கு அளிக்க நியாயமில்லை.

ஆகவே, ஊவா மாகாணச் சுகாதாரத் திணைக்களத்திடமும் தோட்டக் கம்பெனிகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் கேட்கவேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. கிளினிக் நோயாளிகள் மாதத்தில் ஒருமுறை தமிழ் பேசும் வைத்தியரோடு பேசும் நேரம் வேலைநேரமாகவே கணக்கிடப்படவேண்டும். அதற்காக ஒருவருடைய பேரும் வெட்டப்படக்கூடாது. பேசியதன் சாரம் தமிழில் எழுதப்பட்டு அவரவர் கையில் கொடுக்கப்படவேண்டும். அந்த அறையில் நடக்கும் பேச்சின் ஒரு சொல்லும் தோட்ட நிர்வாகத்துக்குப் போகக்கூடாது. வேலைவிடுப்புக்குத் துண்டு எழுதும் அதிகாரத்தையும் இந்தச் சந்திப்பையும் ஒருபோதும் கலக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே வைத்தியர் என்ற நியமம் வேண்டும். பண்டாரவளையிலோ தியத்தலாவையிலோ கடமையாற்றும் வைத்தியர் இடமாற்றம் பெற்றால் அவரோடு நோயாளியின் சரித்திரமும் போய்விடுகிறது; அடுத்து வருகிறவருக்கு அவள் மறுபடியும் பெயர் தெரியாத ஒருத்தி. தொலைபேசியில் பேசும் வைத்தியர் மட்டக்களப்பிலிருந்து வவுனியாவுக்கு மாறினாலும் அவளுடைய வைத்தியராகவே பல வருஷம் நீடிக்க இயலும். ஐந்தாம் வருஷத்தில் அவள் குரலில் ஏற்பட்டிருக்கும் சோர்வைக் கேட்டமாத்திரத்தில் அவரால் அறியவும் இயலும்.